நொடிக்கு நாலு

சிப்காட் இரண்டாம் கட்டம், மூன்றாவது ஷிப்ட்.
ஓசூர்ப் பனி ஜன்னல் கண்ணாடியைத்
துடைக்கத் துடைக்க நனைக்கிறது.
மேஜை மேல் நிக்கல் கலவையில் சுருட்டிய குழல்.
கனம் அரை மில்லி.
ரேஷன் கார்டு இதைவிடத் தடிமன்.

நேற்று பதினாலு பீஸ் திரும்பி வந்தது.
சிவப்புச் சாயம் பூசி, துடைத்து,
வெள்ளைப் பொடி தெளித்தார் திம்மராயப்பா.
பத்து நிமிடம் காத்திருந்தோம்.
துடைப்புக்குத் தப்பி உள்ளே ஒளிந்த சிவப்பு
மயிரிழையாய் ஒன்று,
பிறகு இன்னொன்று
வெள்ளையில் ஊறி மேலே வந்தது.
"இதி நீ செய்யி காதம்மா, வேடி."
என் கை இல்லையாம், சூடாம்.
சூடு யாருடைய கை என்று நான் கேட்கவில்லை.

ஒரே சீராய் மின்னோட்டம் விட்டால்
சுடர் மணி போல் விரிந்து உட்கார்ந்துவிடும்.
உருகிய குட்டை கரை மீறும்.
ஓரமெல்லாம் வைக்கோல் நிறம்,
அப்புறம் மயில்கழுத்து நீலம்.
அவ்வளவு அழகு வந்துவிட்டால்
கழித்துவிடுவார்கள்.

இன்று திருகைத் திருப்பினேன்.
உச்சம் முப்பத்தைந்து ஆம்பியர், அடி எட்டு,
நொடிக்கு நாலு.

ஏறும்போது சுடர் இறுகி நேராகக் குத்துகிறது;
மிளகளவு ஒரு சொட்டு உருகுகிறது.
இறங்கும்போது
அணைந்துவிட்டதோ என்று நெஞ்சு ஒரு படி தவறும்.
அணையவில்லை.
டங்ஸ்டன் முனையில் நீலமாய்த் தொற்றிக்கொண்டு
பக்கவாட்டில் பார்க்கிறது,
முளைக்குச்சி பிடுங்கிய கன்று மாதிரி.
எட்டு ஆம்பியரில் அதற்குத் திசை மறந்துபோகிறது.

முனையை இன்னும் கூராகத் தீட்டினேன்.
இடைவெளியை ஒரு மில்லிக்குக் கீழே கொண்டுவந்தேன்.
அடியைப் பத்தாக்கினேன்.
அலைச்சல் நின்றது.
மிளகு உறைய, அடுத்த மிளகு
பாதி முந்தியதன் மேல் ஏறி.

"அக்கா, மினுங்குதே, லைன் போகுதா?"
எலத்தகிரி ஜெசிந்தா, பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து.
லைன் இருக்கு. இடைவெளி நான் வைச்சது.

கேன்டீன் உப்புமா ஆறியிருக்கும்.
காயத்துக்கும் கஞ்சிக்கும்
ஆறு என்று ஒரே சொல்தான் வைத்திருக்கிறோம்.
ஆற விடாததுதான்
அந்தப் பதினாலு பீஸும்.

லாக்கருக்குள் போன் அதிர்ந்துகொண்டிருக்கும்.
ராயக்கோட்டையிலிருந்து மனோகரன்,
வீட்டுப் பத்திரம் விஷயமாக.
அவன் உச்சத்திலேயே பேசுவான். நானும்தான்.
இந்தத் திருகிலிருந்து அதற்கும் ஏதாவது
கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றியது.
கற்றுக்கொள்ளவில்லை.
கை நடுங்கக் கூடாதென்று
போனை மட்டும் பூட்டிவிட்டு வந்தேன்.

முடிக்கிற இடம்தான் மோசம்.
சட்டென்று நிறுத்தினால் கடைசிக் குழியில்
நட்சத்திரமாய் விரிசல் விடும்.
கால்மிதியை இறக்கினேன்,
தூங்குகிற பிள்ளையின் தலைக்கடியிலிருந்து
கையை உருவுகிற மாதிரி.
சுடர் போனது. டார்ச்சை எடுக்கவில்லை.
ஆர்கான் மட்டும் பத்து நொடி
இருட்டில் சூட்டின் மேல் வீசிக்கொண்டிருந்தது.

ஐந்தே முக்கால்.
சாயம், துடைப்பு, பொடி.
பத்து நிமிடத்தில் ஜெசிந்தா இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள்.
வெள்ளை.
வெள்ளை.
ஆறு குழலும் வெள்ளை.
ஏழாவதில் ஒரு புள்ளி, குண்டூசித் தலை.
சாயம்தானா, துடைத்த துணியின் பிசிறா?
திம்மராயப்பா பூதக்கண்ணாடியை எடுத்தார்.
சீட்டில் ஆறுக்கும் கையெழுத்துப் போட்டு
ஏழாவது கட்டத்தை விட்டுவைத்தேன்.

அவர் இன்னும் குனிந்தே இருக்கிறார்.
வெளியே பனிக்குள் ஷிப்ட் பஸ்,
இன்ஜினை நிறுத்தாமல்.